சிவப்பு காவலாளிக்கு மட்டும்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் சாரல் விழாக் குழுத் தலைவர் பெருமதிப்பிற்குரிய சிவசுப்பிரமணியன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் குழு உறுப்பினர்களே! தென்காசியிலிருந்தும் இலஞ்சியிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் சாரலில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓவியரின் துணைவியார் ஹாஜரா பீவி அவர்களே! இந்தக் குழுவின் செயலாளராகப் பத்து வருஷம் குப்பை கொட்டிய குத்தாலிங்கத்தின் வணக்கம்.

ஓவியர் யாக்கூப் சாகிபு மறைந்து இன்று பன்னிரண்டாம் நாள். அவரைப் பாராட்டி நாலு பக்கம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். வருகிற வழியில் பேரருவிக்கரையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தொடங்கும் விழாவுக்கு அங்கே முழுக்கச் சிவப்புத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். எழுதியதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்தச் சிவப்பு அங்கே தொங்கினால் ஆள் சாவான். அதைச் சொல்லத்தான் இப்போது நிற்கிறேன்.

யாக்கூப் வருவதற்கு முன்னால் நம் விழாவுக்கு முகம் என்று ஒன்று இருந்ததா? நோட்டீசில் மயில், வளைவில் தாமரை, பஸ்ஸில் வெறும் எழுத்து. எழுத்துத் தெரியாதவர் எதைப் பார்த்து வருவார்? ஐம்பத்தேழாம் ஆண்டு யாக்கூப் வந்தார். மேலிருந்து கீழே இறங்கும் மூன்று வளைந்த கோடு, அடியில் ஒரு துளி. அவ்வளவுதான்! அதே கோட்டை நோட்டீசில் போட்டார், வளைவில் போட்டார், பஸ்ஸில் போட்டார், தொண்டர்களின் கைப்பட்டையில் போட்டார். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் அந்தக் கைப்பட்டையைத் தேடித்தான் ஓடி வந்தார்கள்.

எதை வரைந்தாலும் எழுத்தைத் துணியால் மூடுவார். தெருவுக்கு அந்தப் பக்கம், மழையில் மாட்டுவார். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, இது எதுக்குள்ளது, சொல்லுங்க பார்ப்போம் என்பார். அவர்கள் விழித்தால் படத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் உட்காருவார். எங்கள் குழுவின் பாராட்டை அவர் ஒரு நாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு தப்புச் செய்தார். முதல் வருஷத் தோரணத்துக்குச் சிவப்புத் துணி கேட்டவர் அவர்தான். பச்சை மலைக்கு முன்னால் சிவப்பு! எப்படி எடுப்பாக இருந்தது! நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். ஆனால் அருவிக்கு மேலே பாறையில் காவலாளி அய்யாக்குட்டி நிற்பது எங்கள் யாருக்கும் நினைப்பில் இல்லை. அருவி இரைச்சலில் விசில் கேட்குமா? கத்தினால் கேட்குமா? அதனால் மலையில் தண்ணீர் கூடினால் அவர் சிவப்புக் கொடியைத்தான் வீசுவார். அதைப் பார்த்துத்தான் குளிக்கிறவர்கள் வெளியே ஓடி வர வேண்டும்.

இரண்டாம் நாள் காலை. யாக்கூப் அருவியில் நின்று மேலே பார்த்திருக்கிறார். நனைந்த வேட்டியோடு என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என் பேர்ல. கீழ நின்னு பாத்தா அய்யாக்குட்டி கொடி எது, நம்ம தோரணம் எதுன்னு தெரியல. மேல மலை கருத்துக்கிட்டு வருது. ஏணிய மட்டும் புடிங்க, நான் ஏறி அறுத்து விடுதேன்."

பத்து மணிக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாலையோடு நின்றேன்.

"அவரு வந்துட்டுப் போகட்டும். பொறவு பாப்போம். அங்கன போயி ஒக்காரும் வே" என்றேன்.

அவர் உட்காரவில்லை. தானே ஏணியைச் சாத்தி ஏறினார். அட்டை வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்தார். ஒன்றன்பின் ஒன்றாகத் தோரணம் விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிடித்து இறக்குங்கள் என்று தொண்டர்களுக்குக் கட்டளை போட்டேன். அவர் கீழே வந்ததும், அவர் வரைந்த கோடு போட்ட கைப்பட்டையை அவர் கையிலிருந்தே நான் உருவினேன். ஆனால் அதற்குள் அருவிக்கு எதிரே இருந்த துணி எல்லாம் தரைக்கு வந்துவிட்டது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாறை மேலே ஒரே ஒரு சிவப்பு ஆடியது. சுரண்டை முத்துவடிவு அம்மாள்தான் முதலில் பார்த்தார்கள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் அலறியதும் பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினார்கள். இருநூறு பேர்! கடைசி ஆள் படியேறிய பிறகு செம்மண் நிறத்தில், மரக்கிளையும் கல்லுமாகத் தண்ணீர் வந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அன்று மாலை நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஓவியர் ஒழுங்கீனமாக நடந்து அலங்காரத்தைக் குலைத்தார்' என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதினேன். வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால், அவர் எச்சரித்ததையும் நான் மறுத்ததையும் எழுத வேண்டுமே! அந்தக் குறிப்பைக் காட்டித்தான் ஒன்பது வருஷமும் அவரை மேடையில் ஏற்றவில்லை. இன்றைக்குத்தான் ஏற்றியிருக்கிறோம், படமாக.

அடுத்த வருஷம் அவர் வரைபடம் வந்தது. எல்லாம் நீலமும் வெள்ளையும். தலைப்பில் ஒரு வரி: 'சிவப்பு காவலாளிக்கு மட்டும்.' ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வாரம் புது அலங்காரக்காரர் சிவப்பு கேட்டபோது, குழு சரி என்றது. உங்களுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். 'சுருக்கவும்.' மன்னிக்க வேண்டும், ஒன்பது வருஷம் சுருக்கியாகிவிட்டது. இனி முடியாது.

ஹாஜரா பீவி அவர்களே! உங்கள் கணவரின் இடது கை கடைசி வரை நேராக நீளவில்லை. பாசி வழுக்கி விழுந்தேன் என்றுதான் உங்களிடமும் சொல்லியிருப்பார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். அம்மா, பாசி வழுக்கவில்லை. தொண்டர்கள் இழுத்தார்கள், ஏணி சறுக்கியது, அவர் பாறையில் விழுந்தார். மூன்றடி தள்ளி நின்ற நான் அந்த ஏணியைப் பிடிக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொன்னீர்கள். எப்போது தொடர்வது? மலை இன்றும் கருத்துத்தான் இருக்கிறது. அய்யாக்குட்டி இன்றும் அந்தப் பாறையில்தான் நிற்கிறார். மேடை ஏறுவதற்கு முன்னால் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது மேசையில் இருக்கிறது.

மண்டபத்து வாசலில் ஏணி ஒன்று சாத்தி வைத்திருக்கிறேன். எனக்கு அறுபத்து மூன்று வயது. பரவாயில்லை, ஏறிவிடுவேன். கீழே பிடிக்க யார் வருகிறீர்கள்?