அவருடைய ‘நான்’

— நில்லும் பிள்ளை, நில்லும். என்ரை மகளுக்கு இந்தப் பரமலிங்கம் கலியாணம் பேசிறது உம்மோடையோ, இந்தத் தம்பியோடையோ? “நான் உங்கடை மகளைக் கட்ட வந்திருக்கிறன்” எண்டு நீரெல்லோ சொல்லுறீர்!

— அது தில்லைநாதன் சொன்னது, ஐயா. அவர் கையாலை சொல்லுறதை நான் வாயாலை சொல்லுறன். அவர் “நான்” எண்டால் நானும் “நான்” எண்டுதான் சொல்லவேணும். யாழ்ப்பாணத்திலை, செவிடர் பள்ளிக்கூடத்திலை, கைக்கதை படிக்கிற எங்களைப் பழக்கிற மிஸ் அப்பிடித்தான் சொல்லித் தந்தவா.

— அப்ப சிவனேஸ்வரி எண்ட பிள்ளை எங்கை?

— வந்த வேலை முடியுமட்டும் அவ இஞ்சை இல்லை. என்னைப் பாக்காதேங்கோ, ஐயா. அவரைப் பாத்துக் கதையுங்கோ.

— காது கேளாத மனிசனைப் பாத்து என்னத்தைக் கதைக்கிறது? சத்தம் உம்மடை வாயிலையிருந்தெல்லோ வருது. சரி, கேளும். தம்பிக்கு உருத்திரபுரத்திலை வயல் எண்டியள். வாய்க்காலிலை தண்ணி திறந்தாச்சு எண்டு ஆள் நிண்டு கத்தினால் இவருக்கு எப்பிடித் தெரியும்?

— நான் வாய்க்காலுக்கை காலை வைச்சுக்கொண்டு நிப்பன், ஐயா. காலிலை தண்ணி பட்டால் ஏன் கத்தல்?

— ராவிலை வயலுக்கை காட்டுப் பண்டி வந்தால்?

— என்ரை நாய் வேட்டியைப் பிடிச்சு இழுக்கும். இப்ப பாதி வேட்டிதான் மிச்சம்.

— ஆள் பகிடிக்காரன். ம்ம்... செவிட்டு மாடெண்டாலும் உழும் போலைதான் கிடக்கு. என்ன பிள்ளை, ஏன் கை ஆடுது? அதையுமோ சொல்லிப்போட்டீர்?

— என்ரை காதிலை விழுந்ததெல்லாம் அவருக்குப் போகவேணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

— அட கடவுளே! வாய் தவறி வந்திட்டுது, தம்பி. என்னவாம் பிள்ளை?

— மாடு கோவிக்கேல்லை, ஐயா.

— ஹா! எனக்கு இவரைப் பிடிச்சுப் போச்சு. இந்தா, கமலாசனி தேத்தண்ணி கொண்டு வாறாள். குடுத்திட்டு உதிலையே நில், பிள்ளை. உன்ரை கதைதானே, நீயும் கேள். அதென்ன, தம்பி எடுத்த கோப்பையைத் திருப்பிக் கீழை வைக்கிறார்? சீனி காணாதோ?

— இப்ப கதைக்கிறது சிவனேஸ்வரி, ஐயா. என்ரை கதை இடையிலை வந்தால் இப்பிடிப் பேரைச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லலாம். கையிலை கோப்பை இருந்தால் அவருக்கு வாய் இல்லை. ஏதோ சொல்ல நினைக்கிறார், அதுதான் வைச்சவர்.

— சொல்லட்டும், சொல்லட்டும்.

— கமலாசனி, உம்மைக் கேக்காமல் உம்மடை கதையைக் கதைச்சுக்கொண்டிருக்கிறம். என்ரை கையைப் பாரும். விளங்காட்டியும் பாரும்.

— பாக்கிறாள், கண் வெட்டாமல் பாக்கிறாள். சரி தம்பி, என்ரை கதை வெட்டொண்டு துண்டு ரெண்டு. இந்தச் சிவனேஸ்வரியின்ரை தாய், உள்ளை குசினிக்கை என்ரை மனிசியோடை கதைச்சுக்கொண்டிருக்கிறாவே, அவ உமக்குச் சொந்த மாமி. தாய் தேப்பன் இல்லாத உம்மை வளத்தவ. அப்ப இவ உரிமையான மச்சாள். வீட்டிலை மச்சாள் இருக்க ஏன் கண்டாவளைக்குப் பொம்பிளை தேடி வந்தனீர்? ... என்ன பிள்ளை, கை நிண்டிட்டுது? குறைக்கக் கூடாதெண்டனீர்.

— குறைக்கேல்லை. சொல்லுறன்... சொல்லிப்போட்டன்.

— என்னவாம்?

— அவள் எனக்காகத்தான் இந்தக் கைக்கதை படிக்கப் போனவள், ஐயா. அதுதான் எனக்குப் பயம். அவள்... அவள் என்னிலை இரக்கப்படுறாள். இரக்கத்தோடை ஒரு வீட்டிலை சீவிக்கேலாது.

— இரக்கம் எண்டு அவ சொன்னவவோ?

— இல்லை.

— நீர் கேட்டனீரோ?

— கேக்கேல்லை. ஊரிலை எல்லாற்றை கதையையும் அவள் எனக்குச் சொல்லுவாள். தன்ரை கதையை மட்டும் சொல்ல மாட்டாள்.

— ம்ம். சரி, அது உங்கடை வீட்டுக் கதை. தேத்தண்ணி ஆறப் போகுது, எடுத்துக் குடியும் தம்பி. பாரும், ரெண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு குடிக்கிறார், குளிர் பிடிச்ச மனிசன் மாதிரி. நீரும் குடியும் பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு.

— வேலை முடியுமட்டும் வேண்டாம், ஐயா. என்ரை கையும் வெறுமனே இருக்கவேணும்.

— உந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம் கோயில் விரதத்திலும் மோசம். அப்ப கடைசிக் கேள்வி. வேறை ஆளை மனசிலை வைச்சுக்கொண்டு என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறக் கூடாது. ஒளிக்காமல் சொல்லட்டும். மனசிலை ஆரும் இருக்கினமோ?

— ஓம்.

— என்ன?

— ஓம், இருக்கு. சின்னனிலையிருந்து ஒரே ஆள்தான்.

— அட! அந்த ஆளுக்குத் தெரியுமோ?

— தெரியாது. ஆருக்கும் எதையும் சொல்ல எனக்குப் பயமில்லை. அந்த ஆளுக்கு இதைச் சொல்ல மட்டும் கை எழும்புதில்லை.

— அப்ப என்ன துணிவிலை என்ரை படலையைத் திறந்து உள்ளை வந்தனீர்?

— வரச் சொன்னவை, வந்தனான். சொல்லாமலே திரும்பிப் போவம் எண்டுதான் இருந்தனான். ஆனால் அது இரக்கமில்லை, ஐயா. ஒரு நாளும் இரக்கமில்லை.

— என்ன விசர்க்கதை இது! தம்பி, உம்மைத்தான் கேக்கிறன், ஆளைப் பாத்தால் பால் குடிக்கிற பூனை மாதிரி இருந்துகொண்டு... கமலாசனி, நீ உள்ளை போ. இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது.

— அப்பா, அந்த மனிசனிலை கோவிக்காதேங்கோ. கையிலை எடுத்ததிலையிருந்து அவர் இன்னும் கோப்பையைக் கீழை வைக்கேல்லை.