மூன்று பூச்சு மெழுகு

— இது மூணாவது பூச்சு, பியா. இந்தா, நீயும் பாரு.

— எனக்கு எதுக்கு அண்ணே பைனாகுலர்? மெர்வின் வீட்டு வாசல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு, கண்ணாடி போடாமலே தெரியுது. காப்பி ஆறுது, குடி. வரப்புல நின்னு அடுத்தவன் கார் கழுவுறதைப் பாக்குற வயசா உனக்கு? எழுபத்தொண்ணு.

— கழுவுறது காலையிலேயே முடிஞ்சுது. மழைத்தண்ணித் தொட்டியிலேருந்து ரெண்டு வாளி பிடிச்சான். போர்த் தண்ணின்னா காஞ்சதும் திட்டுத் திட்டா நிக்கும்ல, தெரிஞ்சு வெச்சிருக்கான் பாவி. அப்புறம் களிமண் மாதிரி ஒரு உருண்டையை வெச்சு வண்டி பூரா உருட்டினான். இப்ப மெழுகு. ஒரு கதவு முடிச்சு, அது காயக் காத்திருந்து, துடைச்சு, அப்புறம்தான் அடுத்த கதவு. நடுவுல துணி ஒண்ணு தரையில விழுந்துச்சு. அதை உதறித் துடைப்பான்னு பாத்தேன். தூக்கிக் குப்பையில போட்டுட்டு வேற துணி எடுத்தான். ஒரு பொடி மண்ணு ஒட்டியிருந்தாலும் கீறிடுமாம்.

— பொண்டாட்டி முதுகுக்கு வெயில் கிரீம்கூட அவன் இவ்வளவு பக்குவமா தடவியிருக்க மாட்டான்.

— என் லாரியைப் பத்தி நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு, பியா. அது கடைசியா மெழுகு பாத்தது ஈஸ்டர் அன்னிக்கு. சீட்டுல சர்ச்சு மெழுகுவத்தி உருகி ஊத்தினதுதான்.

— சரி, பாத்தாச்சுல்ல. வா. அஞ்சு மணிக்கு நமக்கு ஒத்தாசையா டொமெனிக்கும் அவன் பையன்களும் தண்ணி டேங்கரோட வருவாங்க. வெட்டுக்கு முன்னாடி கரும்புச் சோகை கொளுத்தணும்னா இப்பவே கிளம்பினாதான் ஆச்சு. எந்தத் தோட்டம்னு அவன் கேட்டான், நீ சொல்லவே இல்லையே.

— அஞ்சாம் நம்பர்.

— அஞ்சாம் நம்பரா? ரோட்டோரத்துல இருக்குறதா?

— அதேதான்.

— அண்ணே, காத்து தென்கிழக்கு. நேரா மெர்வின் வீட்டுக்குப் போகும்.

— தெரியும். மாதா மடோன்னா சாட்சியா சொல்றேன், இந்தக் காத்துக்குத்தான் மூணு வாரமா நிக்கிறேன். கரும்பு இன்னும் பழுக்கலைன்னு மில்லுக்குப் பொய் சொல்லி, சர்க்கரை இறங்குறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கிளப்புல அன்னிக்கு அவன் சொன்னான்ல, வெள்ளைக் கார் புக் பண்ணியிருக்கேன், முத்து மாதிரி வெள்ளைன்னு. அந்த நிமிஷமே அஞ்சாம் நம்பரைக் கடைசிக்குத் தள்ளிட்டேன். நாளைக்கு விடியக்காலையில வெட்டுற மெஷின் வருது. அதுக்கு முன்னாடி இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சரைக்குக் கொளுத்துவேன். அஞ்சே முக்காலுக்கு அந்த முத்து மேல கறுப்புச் சாம்பல் மழை பெய்யும்.

— நல்லா இருக்கு நியாயம். எட்டு வருஷம் ஆச்சுண்ணே.

— எட்டு வருஷம் ரெண்டு மாசம்.

— விட மாட்டே?

— அவன் விட்டானா? பர்டெக்கின் ஆத்துப் பக்கம் கரும்பு வெச்சவன் எவனாவது பக்கத்து வீட்டுக்குச் சொல்லாம சோகை கொளுத்துவானா? நம்ம அப்பா இந்த நாட்டுக்குக் கப்பல்ல வந்து இங்கிலீஷ்ல முதல்ல கத்துக்கிட்ட வாக்கியமே அதுதான். 'இன்னிக்குக் கொளுத்துறேன், துணியை எடுத்துக்குங்க.' சண்டைக்காரனுக்கும் சொல்லணும், கடங்காரனுக்கும் சொல்லணும். என் பொண்டாட்டியைப் பெட்டியில வெச்சு கல்லறைக்குத் தூக்கிட்டுப் போறேன், அன்னிக்கு அவன் கொளுத்துறான். ஒரு வார்த்தை சொல்லல.

— காத்து மேக்கால போகும்னு நினைச்சிருப்பான். திரும்பிடுச்சு.

— திரும்பிச்சு. நேரா கல்லறைக்கு வந்துச்சு. வெள்ளைப் பெட்டி, பியா. நான்தான் வெள்ளை கேட்டு வாங்கினேன். நோர்மாவுக்கு வெள்ளைதான் பிடிக்கும், கரும்புக்காட்டுல வாழ்ந்துக்கிட்டு வெள்ளை விரிப்பு, வெள்ளைத் திரைன்னு வெச்சிருந்தவ. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கிட்டிருக்காரு, இலை இலையா கறுப்பு வந்து அது மேல உக்காருது.

— நான் அங்கதானே நின்னேன்.

— அப்ப நான் என்ன பண்ணினேன்னு பாத்தல்ல?

— வேணாம்ணே.

— கைக்குட்டையை எடுத்துத் துடைச்சேன். ஐம்பது வருஷம் கரும்பு போட்டவன். சாம்பலை ஊதணும், இல்ல தண்ணி விடணும், துடைக்கக் கூடாது, துடைச்சா எண்ணெய் மாதிரி இழுக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்னிக்குத் தெரியல. ஒரு கை நீளத்துக்குக் கறுப்பா ஒரு கோடு. நான் போட்ட கோடு. அதோடதான் அவளை இறக்கினோம்.

— அண்ணே.

— அதனால இன்னிக்கு அவன் துடைக்கிறதை நான் பாக்கணும். புதுக் கார்க்காரனுக்குப் பதட்டத்துல முதல்ல கை போறது துணி மேலதான். துடைப்பான். இழுக்கும். இன்னும் அழுத்துவான், இன்னும் இழுக்கும். மூணு பூச்சு மெழுகும் சாம்பலும் சேந்து நல்லாக் குழையும். நான் இந்த வரப்புல நின்னு பாப்பேன். இதுக்குத்தான் பைனாகுலர் வாங்கினேன், கொக்கு பாக்க இல்ல.

— அப்படியா? கொக்கு பாக்கத்தான்னு சொல்லி என் பிறந்தநாளுக்குக் குடுத்துட்டு, மறுநாளே கடன் கேட்டு வாங்கிட்டுப் போனே. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மெர்வினுக்குப் போன் பண்ணிட்டியா?

— எதுக்கு?

— கொளுத்துறேன்னு சொல்ல. இப்பத்தானே அப்பா வாக்கியத்தை ஒப்பிச்சே.

— சொன்னா காரை ஷெட்டுக்குள்ள தள்ளிட்டு ஜன்னல் வழியா கை ஆட்டுவான். சொல்லிட்டுக் கொளுத்தினா அது பழியா, விருந்துக்கு அழைப்பா?

— சொல்லாமக் கொளுத்தினா?

— அவன் செஞ்சதை நான் செய்யறேன். கணக்கு நேர்.

— நல்லா இருக்கு நியாயம். எட்டு வருஷமா இந்த ரோட்டுல ஒரு மெர்வின் இருந்தான். நாளையிலேருந்து ரெண்டு மெர்வின். ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம். ரொட்டிக் கடையில கேட்டா எந்த மெர்வின்னு சொல்றதுன்னு எனக்குக் குழப்பமா இருக்கும்.

— வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்காதே, பியா.

— நான் உடைக்கலை. நோர்மா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பா? அதை மட்டும் சொல்லு. கொளுத்துற அன்னிக்கெல்லாம் மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச உடனே போன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்குவா. ஒரு வீடு விடாம கூப்பிடுவா. மெர்வின் பொண்டாட்டியோட வாய்ச்சண்டை நடந்த வாரத்துலகூடக் கூப்பிட்டா. 'உன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலை, ஆனா துணியை எடுத்துடு'ன்னு. என்ன, காப்பியை முறைச்சுப் பாக்குறே? அவளுக்கு அப்புறம் அந்த நாற்காலியில உக்காந்து நான்தான் எல்லா வீட்டுக்கும் கூப்பிடறேன். மெர்வின்னா உன் கைக்குப் போன் பாரமா ஆயிடுது. இன்னிக்கு நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு, இல்ல திருடன் மாதிரிக் கொளுத்து. ரெண்டுல எதுன்னாலும் உன் கையாலேயே பண்ணு.

— இப்ப உனக்குச் சந்தோஷமா? மூணு வாரத்துச் சர்க்கரை போச்சு, பைனாகுலர் வாங்கினேன், தினம் காத்து பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. கடைசியில பழிவாங்கப் போறவன் முன்கூட்டியே தகவல் சொல்லணுமாம். உலகத்துல எவனுக்காவது இந்தக் கேவலம் உண்டா? குடு அந்தப் போனை.

— நம்பர் தெரியுமா?

— மறந்தாத்தானே.

— ஸ்பீக்கர்ல போடு. எனக்கும் கேக்கணும்.

— ஹலோ. மெர்வின். சில்வியோ பேசறேன். மெர்வின், கேக்குதா?

— கேக்குது, கேக்குது. உன் குரல்தானான்னு யோசிச்சேன், என்ன. எட்டு வருஷமாச்சு.

— நலம் விசாரிக்கக் கூப்பிடலை. அஞ்சாம் நம்பரைக் கொளுத்தப் போறேன், அஞ்சரைக்கு. காத்து உன் பக்கம். துணி கிணி ஏதாவது... எதாவது வெளியில இருந்தா எடுத்துக்கோ. சொல்லணும், சொல்லிட்டேன். வெக்கிறேன்.

— சரி, என்ன. பியாவும் மத்தியானமே சொன்னா.

— யாரு?

— பியா. பன்னெண்டரை இருக்கும்.

— பியா?

— என்னை ஏன்ணே முறைக்கிறே? அந்த நாற்காலியில உக்காந்தா கை தானா டயல் பண்ணுது. நீ சொல்லாட்டி என்ன, கொளுத்த மிச்சம் இருந்தது அஞ்சாம் நம்பர் ஒண்ணுதானே. நீயும் பண்றியான்னு பாக்கத்தான் சொல்லலை. பேசு, அவன் லைன்ல இருக்கான்.

— மெர்வின், பன்னெண்டரைக்கே தெரிஞ்சும் ஏன்டா வண்டி இன்னும் வெளியில நிக்குது? நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு மணிக்கு ஷெட்டுலேருந்து இன்னும் நாலடி ரோட்டுப் பக்கமா தள்ளினே.

— அங்கதான் நல்லா விழும், என்ன.

— என்னது?

— சாம்பல். ஷெட்டுக் கூரை மறைக்குது, அதான் தள்ளினேன்.

— உனக்கு மூளை கலங்கிடுச்சா? அப்புறம் எதுக்கு விடிஞ்சதுலேருந்து மெழுகு தேய்ச்சே?

— நோர்மாவோட பெட்டியும் பளபளன்னுதான் இருந்துச்சு. அழுக்கு வண்டி மேல விழுந்தா ஈடாகாது, என்ன. புதுசு மேல விழணும். இதைவிட வெள்ளையா எங்கிட்ட வேற எதுவும் இல்ல, சில்வியோ. லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— அன்னிக்குப் போனைக் கையில எடுத்தேன். எனக்குக் கொளுத்துற முறை அன்னிக்குத்தான் விழுந்துச்சு, மறுநாள் மெஷின். உன் வீட்டு நம்பரைப் போட்டேன். நாலு நம்பர் அழுத்தினதும்தான் தோணுச்சு, இதை எடுக்கறது எப்பவும் அவதானேன்னு. இருபது வருஷமா 'ஹலோ, மெர்வின், துணி எடுத்தாச்சு'ன்னு அவ குரல்தான். இப்ப யாரு எடுப்பா? வெச்சுட்டேன். எல்லாரும் கல்லறையில இருப்பீங்க, காத்து அந்தப் பக்கம் போகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவ்வளவுதான். இதுல சமாதானம் ஒண்ணும் இல்ல.

— எட்டு வருஷம் ஏன்டா சொல்லலை?

— நீ என் மூஞ்சியைப் பாத்தாத்தானே. கிளப்புல நான் வந்தா நீ எழுந்து போயிடுவே. வெள்ளைக் கார்னு நான் சத்தமா சொன்னப்பத்தான் முதல் தடவையா திரும்பிப் பாத்தே. அப்பவே தெரிஞ்சுது, என்ன. நல்லதுன்னு நினைச்சேன்.

— நீ என்ன ஆளுடா?

— துடைக்க மாட்டேன், கவலைப்படாதே. மழை வர்ற வரைக்கும் அப்படியே ஓட்டுவேன். டவுனுக்கும் அதுலதான் போவேன். பாக்கறவன் பாக்கட்டும்.

— மழை நவம்பர்லதான்டா வரும்.

— நவம்பர் வரைக்கும்.

— மெர்வின், காரை உள்ள தள்ளு.

— மாட்டேன்.

— உள்ள தள்ளுடா சனியனே. எனக்கு இன்னிக்குக் கொளுத்தியே ஆகணும், நாளைக்கு மெஷின் வருது. நீ இப்படி வெச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிடா குச்சி கிழிக்கிறது?

— அது உன் பாடு. நான் முன் சக்கரத்துக்கு இன்னொரு கட்டை வெக்கப் போறேன், என்ன.

— மெர்வின். டேய் மெர்வின். வெச்சுட்டான். பாத்தியா பியா, எட்டு வருஷம் நான் சமைச்சதை எல்லாம் அவன் ஒரே வாயில தின்னுட்டான். பழிவாங்கறதைக்கூட நிம்மதியா விட மாட்டேங்கிறான்.

— உன் கண்ணு என்ன, இன்னும் கொளுத்தவே இல்ல, அதுக்குள்ள புகை பட்டுடுச்சா?

— பைனாகுலர்ல தூசி. டொமெனிக் எங்க வர்றான்?

— பாலம் தாண்டியாச்சாம். பத்து நிமிஷம். என்ன பண்ணப் போறே, சொல்லு. மெர்வின் தள்ள மாட்டான். காத்தும் உனக்காகத் திரும்பாது.

— வீட்டுக்குப் போய் நோர்மாவோட அலமாரியைத் திற. வெள்ளைப் படுக்கை விரிப்பு எத்தனை இருக்கு?

— பெரிசு ஆறு இருக்கும். எட்டு வருஷமா அந்தச் சாவியை யாரையும் நீ தொட விட்டதில்லையே. எதுக்கு? காரை மூடத்தானே, லாரியில தார்ப்பாய் கிடக்கே.

— தார்ப்பாய் கீறும்டி. மெழுகு போட்ட வெள்ளை அது.