கடைசியாகத் தொட்ட நேரம்

நோட்டில் நாற்பத்தொன்று என்றும் திரையில் நாற்பது என்றும் இருந்தால், பெரும்பாலும் நோட்டில் எழுதியவர்தான் தப்பாக எண்ணியிருப்பார். எங்கள் அலுவலகத்திலும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். தொலைபேசி எடுக்கும் பிரிவில் எல்லாருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அக்கா என்று கூப்பிடுவோம். கணினியில் பதியும் ஒவ்வோர் அழைப்பையும் பென்சிலால் ஒரு நோட்டிலும் கிறுக்கிவைப்பது அவர் பழக்கம். அன்று மதியம் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மைத்துனனின் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இதுல ஒருத்தர் இருக்கார், அதுல காணோம். கோளாறு என் கண்ணுலயா, உன் பெட்டியிலயா?"

மைத்துனன் சாப்பிடப் போகாமல் இரண்டு மணி நேரம் தேடினான். பிழை எதுவும் பதிவாகியிருக்கவில்லை. யாரும் அழித்ததாகவும் தெரியவில்லை. ஒரு வேண்டுகோள் இருந்தது, பிறகு இல்லை, அவ்வளவுதான். கடைசியில் அக்காதான் ஏதோ தவறான பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அக்கா அதற்குப் பிறகு மூன்று நாள் அவனோடு பேசவில்லை, நோட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டார்.

நீங்கள் முதலில் கேட்டது அந்த ஒன்றைப் பற்றித்தான், அதனால் அங்கிருந்தே தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டால் மிக எளிதான விஷயம். இத்தனை நாளில் இது எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் நீங்கள்.

வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்து மூச்சுவிடுகிற நோயாளிகளுக்கு சிலிண்டர் மாற்றிக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. இன்னும் இத்தனை மணி நேரம் வரும் என்று அவர்கள் போன் செய்வார்கள். அக்கா பதிவார். யாருக்கு முதலில் தீருமோ அவர் வரிசையில் மேலே. வண்டி ஓட்டுபவர்களின் கையிலுள்ள திரையில் மேலிருந்து பத்து பேர் மட்டும் தெரிவார்கள். சிலிண்டரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அந்த விவரம் நிரந்தரக் கணக்குக்குப் போகும். அதுவரை அது இருக்கும் ஒரே இடம் அந்த வரிசைதான்.

வரிசையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. சாதாரணத் தரவுத்தளம் அலமாரி மாதிரி. எழுந்து போய், திறந்து, எடுக்க வேண்டும். நினைவகத் தரவுத்தளம் கையில் பிடித்திருப்பது மாதிரி. கேட்ட கணத்தில் கிடைக்கும், ஆனால் கை கொள்ளும் அளவுதான் கொள்ளும். இப்போதெல்லாம் இதைக் கிளவுடில் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தை ஓட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எவ்வளவு பெரிய கை வேண்டும், நிறைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். இரண்டே கேள்விகள். இரண்டாவதை யாரும் படிப்பதில்லை.

அந்தத் தேர்வுக்கு நான் மூன்று பக்கக் குறிப்பு தயாரித்தேன். இருபத்தாறு ஜிபி வேண்டும், பக்கத்தில் அதற்கொரு இரட்டை வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்பது என் பரிந்துரை. கூட்டத்துக்குத் தலைமை மைத்துனன். அவனை அந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டவனே நான்தான். ஆறு மாதத்துக்கு முன் எனக்கு மேலே போய்விட்டான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை எல்லார் முன்னாலும் அத்தான் என்றுதான் கூப்பிடுவான். அன்பாகத்தான். ஒரு மாதத்தில் மொத்த அலுவலகத்துக்கும் நான் அத்தான் ஆகிவிட்டேன். வாசலில் நிற்கும் காவலாளிகூட, "அத்தான், கார்டைக் காட்டிட்டுப் போங்க" என்பார்.

மைத்துனன் என் குறிப்பின் முதல் பக்கத்தைப் படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, ஒன்றுக்கு எவ்வளவு இடம் என்று பலகையில் எழுதிப் பெருக்கிக் காட்டினான். ஆறு ஜிபி தாராளம் என்று வந்தது.

"அத்தான் ரெண்டு பேர் குடியிருக்கக் கல்யாண மண்டபம் பாக்குறாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிறைந்தால் என்ன செய்வது என்பது மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அது மேசையிலேயே கிடந்தது. கூட்டம் முடிந்ததும் யாரோ அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்கள்.

இயந்திரத்தை உருவாக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். ஆறு ஜிபி என்று தேர்ந்தெடுத்தேன். நிறைந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அதைத் தொடாமல் விட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: நான் எதையும் மாற்றவில்லை.

அந்த விடை இதுதான். இடம் போதாவிட்டால், காலாவதி நேரம் குறிக்கப்பட்டவற்றில், தொட்டு அதிக நேரம் ஆனது எதுவோ அதை விட்டுவிடு. எங்கள் வேண்டுகோள்கள் எல்லாவற்றிலும் ஒரு நாளில் காலாவதி என்று குறித்திருந்தோம், பழையதைக் கூட்டிப் பெருக்கும் வேலை மிச்சம் என்று. தொடுவது என்றால் யாராவது அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பது. நோயாளி மறுபடி போன் செய்தால் அக்கா திறப்பார். என்ன ஆச்சு, எப்ப வருவீங்க என்று கத்துகிறவரின் பதிவு அரைமணிக்கு ஒரு முறை தொடப்படும். அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முறை சொல்லிவிட்டு, சொன்னால் வருவார்கள் என்று அமைதியாக உட்கார்ந்திருப்பவரை யாரும் தொடுவதில்லை. இடம் போதாதபோது அவர்தான் போவார். இயந்திரத்தின் கண்ணில் இது பிழை அல்ல, சொன்ன வேலையைச் செய்தது. அதனால்தான் பிழைப் பதிவில் எதுவுமே இல்லை. அக்காவின் நாற்பத்தொன்றாவது ஆள் போனது அப்படித்தான். எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மைத்துனன் நேராக வந்து மூன்றாவது பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். அவன் வந்தான், உண்மைதான். ஒரு வாரம் கழித்து, கண் சிவந்து, கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்தான்.

"அத்தான், எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பேரு செத்துட்டாங்க. உங்களுக்கு ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க. கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

பார்க்கிறேன் மாப்ளே என்றேன். அவன் பொதுவாகத்தான் கேட்டான், பக்கத்தைக் கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவிக்கும் வருத்தம். தம்பி இளைத்துவிட்டான் என்றாள். நீங்கள்தான் இதிலெல்லாம் ஊறினவராச்சே, சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். தானாகக் கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும் என்று சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

அந்த ஓய்வுபெற்ற தபால்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எப்போதும் ஒரே ஒரு முறைதான் போன் செய்வார். "அவசரம் இல்லம்மா, ஆறு மணி நேரம் வரும், மத்தவங்களை முதல்ல பாருங்க" என்பார். அக்காவுக்கு அவர் குரல் பிடிக்கும். அன்று காலை பதினொன்றே காலுக்குச் சொன்னார். பதிவுகளை வரிசையாகக் காட்டும் ஒரு சன்னலை நான் என் திரையில் திறந்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாகத் தொட்ட நேரம். மதியம் அழைப்புகள் கூடக் கூட அவர் பதிவு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. இரண்டு நாற்பதுக்கு அவருக்குக் கீழே யாரும் இல்லை. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவர் இல்லை. அவர் எண் எனக்குத் தெரியும். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இன்னும் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத்துக்கு அவரிடம் காற்று இருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த நிகழ்வை அவ்வளவு தெளிவாக அதுவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் வழக்குத் தாளில் இறந்தவர்கள் மூன்று பேர் என்று இருக்கிறது. நான்கு என்று திருத்திக்கொள்ளுங்கள். நான்காமவர் வயதாகிப் போய்விட்டார் என்று அவர் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது நீங்கள் இன்னும் கேட்காத ஒன்று. கேட்கத்தான் போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். வேண்டுகோள்கள் மட்டும் இருந்திருந்தால் அந்த ஆறு ஜிபி நிறைந்தே இருக்காது. பலகையில் மைத்துனன் போட்ட கணக்கு சரி. இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தேன், கால்வாசி கூட ஏறவில்லை. அப்படியே போனால் நான் சொன்னது நடக்காமலே போயிருக்கும். ஆபத்து இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் வண்டிகள் தாங்கள் இருக்கும் இடத்தை வினாடிக்கு ஒரு முறை அனுப்பும். கடைசி இடம் மட்டும் போதும், பழையது வேண்டாம். நான் எல்லாவற்றையும் அதே நினைவகத்தில் சேர்த்துவைக்கும்படி ஒரு சிறிய நிரல் எழுதினேன். அவற்றில் காலாவதி குறிக்கவில்லை, ஆகவே இடம் போதாவிட்டாலும் இயந்திரம் அவற்றை விடாது. விடக்கூடியது வேண்டுகோள் மட்டும்தான். விளிம்பு வரை ஏற்றி அங்கேயே நிறுத்தினேன். மதிய நேரத்தில் மட்டும் ஒன்றிரண்டு வழியும். அந்த அளவைச் சரியாகப் பிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. மொத்தமாகக் கொட்டவிட்டிருந்தால் நிறைய பேர் போயிருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அக்கா நோட்டோடு வந்ததிலிருந்து பத்தொன்பதாம் நாள் அலுவலகத்தில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. மைத்துனன் எழுந்து, அளவைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்றும், பெரியதாக எடுக்கச் சொன்னவரைக் கேலி செய்ததும் தான்தான் என்றும் சொன்னான். எல்லார் முன்னாலும் சொன்னான். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். இப்போது எந்த வேலைக்கும் போவதில்லை என்று மனைவி சொல்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் நேராக என் இடத்துக்கு வந்தேன். சரிசெய்வது எப்படி என்று உங்கள் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள், எழுதிக்கொள்ளட்டும். வண்டிகளின் பழைய இடங்களை நினைவகத்திலிருந்து எடுத்து அலமாரிக்கு, அதாவது சாதாரணத் தரவுத்தளத்துக்கு, மாற்ற வேண்டும். நிறைந்தால் என்ன செய்வது என்ற இடத்தில், எதையும் விடாதே, புதியதை ஏற்க முடியாது என்று சத்தமாகச் சொல் என்ற விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தத் தேவையில்லை. அன்று எனக்குப் பதினொரு வினாடி ஆயிற்று. அன்றிலிருந்து ஒரு வேண்டுகோள்கூட மறையவில்லை. இயந்திரம் அதேதான், மைத்துனன் தேர்ந்தெடுத்த அதே ஆறு ஜிபி, முக்கால்வாசி காலியாக இருக்கிறது.