பேனர்ல ‘காமி’ன்னு போட்டது யாரு?

ஹெல்மெட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நவுத்துங்கண்ணே, நானும் உக்காந்துக்கிறேன்... ஆங், தேங்க்ஸ்லா. இல்ல, நீங்களே நியாயம் சொல்லுங்க. நூத்தி இருவது வடை! நூத்தி இருவது! அதுல ஒன்னை எடுத்து ஒருத்தர் வாயில வைக்கலன்னா அதுக்குப் பேரு என்ன? திமிருதானே?

எங்கேயா? எங்க ஆபீஸ்லதான். அந்தா, கரையில மணிக்கூண்டுக்குப் பின்னால கண்ணாடிக் கட்டடம் தெரியுதா... ஃபெரி திரும்பிருச்சு, இப்பத் தெரியாது. நாலாவது மாடி. வெளிநாட்டுக் கஸ்டமருங்களுக்குப் போன்ல பதில் சொல்ற வேலை. பதினெட்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். வீட்டுல மட்டும் என் பேச்சை யாரும் கேக்குறதில்ல.

இந்தக் கஸ்டமருக்கு ஏதுண்ணே தீபாவளி, ஏது நோன்புப் பெருநாளு? அவன் பாட்டுக்குப் போன் அடிப்பான். அதனால எந்தப் பெருநாளா இருந்தாலும் பாதி ஆளு ஆபீஸ்ல இருக்கணும். மலாய்க்காரங்க, சீனவங்க, எங்காளுங்க, எல்லார் பேரையும் சீட்டெழுதி ஒரே பிஸ்கட் டின்னுல போட்டுக் குலுக்குவாங்க. பாக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா தீபாவளி அன்னிக்கு எதிர் டேபிள்காரன் வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்குறான். நான் தலையில எண்ணெய் வாசனையோட, "குட் மார்னிங், மே ஐ ஹெல்ப் யூ"! நாலு வருஷமா வரிசையா என் பேருதான் வருது. அந்த டின்னுக்கு என் மேல என்ன கோவமோ.

இந்த வருஷம் விட முடியாதுண்ணே. என் மக சாந்தினிக்குத் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை ஈப்போவுலேர்ந்து புக்கிட் மெர்தாஜாம் வந்து எங்க வீட்டு வாசல்ல நிக்கும்போது, "மாமா போன்ல இருக்காரு"ன்னா நல்லாவா இருக்கும்?

அப்பதான் மேலேர்ந்து ஒரு ஈமெயில் வந்துச்சு. ஈ.ஆர்.ஜி.யாம். எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப்பு. ஆபீஸ்ல கொஞ்சம் பேரா இருக்கிறவங்க ஒன்னு கூடி, கஷ்ட நஷ்டத்தைப் பேசி மேல கொண்டு போறதுக்கு. கேட்ட உடனே கையைத் தூக்கிட்டேன். என் ஐடியா சிம்பிள்லா. தீபாவளிக்கு அவங்க உக்காரட்டும், அவங்க பெருநாளுக்கு நாங்க உக்காருறோம். டின்னும் வேணாம், குலுக்கலும் வேணாம். ஆனா ஒரு ரூல் வச்சிருக்கான். வேற இனத்துக்காரங்க அஞ்சு பேராவது கையெழுத்துப் போடணும். இல்லன்னா குரூப்பு கேன்சல். நாளைக்குப் பத்து மணிக்கு ஃபாரம் கொடுக்கணும். இதுவரைக்கும் எத்தன பேருன்னு கேளுங்க... முட்டை!

போன வியாழக்கிழமை பேன்ட்ரியில திறப்பு விழா வச்சேன். ஹலால்லேர்ந்து எல்லாம் யோசிச்சு, ஷேக் அலாவுதீன் கடையில சொல்லித்தான் வடை எடுத்தேன். சூடா, வாசனை லிஃப்டு வரைக்கும் போகுது! வந்தது எங்காளுங்க ஏழு பேரு. சீனவங்க எட்டிப் பாத்தாங்க, போயிட்டாங்க. சலேஹான்னு ஒரு மலாய்க்கார அம்மா, பத்து வருஷமா எனக்கு அடுத்த டேபிளு. வாசல் வரைக்கும் வந்துச்சு. பேனரைப் பாத்துச்சு. "பரவால்ல பழனி, உங்காளுங்க நீங்க சாப்புடுங்க"ன்னு சிரிச்சிட்டுத் திரும்பிருச்சு. எப்படி எரியும் சொல்லுங்க? மூணு நாளா வீட்டுல வடைதான். தயிர்ல போட்டு, குழம்புல போட்டு... நேத்துப் பூனையே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

பேனரா? குரூப்பு பேரை நல்லாத்தான் போட்டேன், ஆறடி நீளம், நாலு ஓரத்துலயும் கோலம். போன்ல படம் இருக்கு... இந்தாங்க. நல்லாருக்கா?

ஏண்ணே சிரிக்கிறீங்க?

இல்ல, எங்க வீட்டுக்காரி துளசியும் சிரிச்சா. "காமின்னு போட்டிருக்கீங்களே, யாருக்கு என்னத்தக் காமிக்கப் போறீங்க"ன்னு. "அடியே, அது மலாய்டி, காமின்னா நாங்கன்னு அர்த்தம்"னு விளக்கம் வேற... 

என்ன? கித்தாவா? கித்தான்னாலும் அதேதானேண்ணே... இல்ல. இருங்க. கித்தான்னா நாம. கேக்குற ஆளையும் சேத்து. காமின்னா... நாங்க மட்டும். நீ வெளிய நில்லு.

அலமாக்! போச்சுடா!

இல்லண்ணே, ஃபாரத்துல குரூப்பு பேரு இங்கிலீஷ்ல ‘வீ’ன்னு இருந்துச்சு. இங்கிலீஷ்காரனுக்கு நாமளும் நாங்களும் ஒன்னுதான். அதை அவசரத்துல மாத்தும்போது... அப்படின்னு அவன் தலையில கட்டிடலாம். ஆனா கீழ தமிழ்லயும் நான்தானே எழுதியிருக்கேன், ‘நாங்க’ன்னு! ரெண்டு பாஷையிலயும் கரெக்டாக் கதவைச் சாத்தியிருக்கேன். உள்ள நூத்தி இருவது வடை, வெளிய சலேஹா.

அவசரத்துல வாய்க்கு எது வருதோ அதுதானே உள்ள இருந்திருக்கு? என்னைக் கேட்டா... சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, தெரியாத ஆளு. மூணு வருஷத்துக்கு முந்தி பெருநாளுக்கு சலேஹா பேரு டின்னுல வந்துருச்சு. "பழனி, அன்னிக்கு ஒரு நாளு எனக்காக உக்காருறியா, அம்மாவுக்கு முடியல"ன்னு கேட்டுச்சு. மாமியார் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். எங்க போனேன்? வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

டின்னை என்ன குறை சொல்றது?

இருங்க, ஒரு மெசேஜ் போட்டுடுறேன். "சலேஹா, பேரு தப்பு. காமி இல்ல, கித்தா. வர்ற பெருநாளுக்கு உன் பேரு வந்தா நான் உக்காருறேன். நீ கையெழுத்துப் போடலன்னாலும் உக்காருறேன்"... கடைசி வரி வேணுமா? வேணும்தான், இல்ல? போயிருச்சு. ரெண்டு டிக்கு... நீலம். எழுதுது... நிறுத்திருச்சு. திரும்ப எழுதுது. இந்தம்மா தட்டுறதுக்குள்ள பட்டர்வொர்த் கரையே வந்துரும் போல!

வந்துருச்சு வந்துருச்சு! "அன்னிக்கு நீ தூங்கினது எனக்குத் தெரியும். உன் பொண்டாட்டிதான் போன் எடுத்தாங்க." அடிப்பாவி துளசி! இருங்க, இன்னும் இருக்கு... "மொதல்ல பேனரை மாத்து. நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். வடை சூடா இருக்கணும்."

நாலும் ஒன்னும் அஞ்சுண்ணே! அஞ்சு! அண்ணே... என்ன, எந்திரிச்சிட்டீங்க? ஃபெரி இன்னும் கட்டலியே! நாம இன்னும் அந்தத் துளசி கதையைப் பேசவே... பாத்தீங்களா, நாமன்னு தானா வருது, உங்ககிட்ட மட்டும் எப்படி... அண்ணே? கீழயா போறீங்க, மோட்டார் சைக்கிளுக்கா? மெதுவா, படி வழுக்கும்!

அண்ணே! நாமன்னுதானே சொன்னேன், அதுக்கு ஏன் ஓடுறீங்க?

சரி, ஓடட்டும். ஹெல்மெட்டு இங்கதானே இருக்கு.