பூமாரி வீட்டுத் தண்ணீர்

நான் எளிதில் கோபப்படுகிறவள் இல்லை. லோக்கல் ரயிலில் யாராவது காலை மிதித்தால்கூட நகர்ந்து நின்றுகொள்வேன். என் பெயர் நஸீரா என்பதும், ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித் தருவது என் வேலை என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த விசாரணையில் ஏன் செய்தேன் என்றுதான் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஜெயினுலாப்தீன் காக்கா தாராவியில் பழைய பேட்டரி உடைத்துப் பிழைத்தவர். ஐரோலிக்கு அப்பால் இடம் வாங்கி, பேட்டரிக் கழிவிலிருந்து கோபால்ட்டும் லித்தியமும் பிரிக்கும் ஆலை கட்டினார். அனுமதி வாங்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்படும் கனிமங்கள், அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று அரசாங்கத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். கோப்புதான் நகரவில்லை. ஓர் அதிகாரி வரைபடம் பழையது என்பார். புதியதைக் கொண்டுபோனால் அவர் மாற்றலாகிப் போயிருப்பார். வந்தவர் பழையதைக் கேட்பார். மழைக்காலத்துக் காற்றின் மாசு அளவு வேண்டும் என்று மழை விட்ட பிறகு எழுதுவார்கள். காக்கா என்னை ஒருநாளும் ஏசியதில்லை. "இன்னைக்காவது எதும் சொன்னாங்களாம்மா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு ஏசியே இருக்கலாம்.

பொறுக்க முடியாமல் அவர் அனுமதிக்கு முன்பே ஆலையைச் சோதனைக்கு ஓட்டினார். அமிலக் கழிவு பின்பக்கக் குழியில் தேங்கிக் கசிந்தது. அதை ஒட்டிய பள்ளத்தில் தாராவியிலிருந்து போய்க் குடியேறிய சில குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு இருந்தது ஒரே ஆழ்குழாய். அதிகாரிகள் கடைசியாகக் கேட்டது அந்தக் குழாய்த் தண்ணீரின் பரிசோதனையை.

முதலில் எனக்காக மட்டும் சோதித்துப் பார்த்தேன். ஈயமும் நிக்கலும் குடிக்கக்கூடாத அளவில் இருந்தன. அதைக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். ஆகவே செம்பூரில் என் சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரை அந்த இடத்துப் பெயர் ஒட்டிப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். காக்காவுக்கு இது தெரியாது. அனுமதி வந்துவிட்டது. காக்கா அழுதார். ஆலை முழுவீச்சில் ஓடத் தொடங்கியது.

பூமாரி முன்பு தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்தில் இருந்தவள்; இப்போது அந்தப் பள்ளத்தில் குடியிருந்தாள். ஆலைக்குப் போன என்னை ஒரு மத்தியானம் வழியில் நிறுத்தினாள். இடுப்பில் கைப்பிள்ளை.

"யக்கா, தண்ணி ஒரு மாதிரி கரிக்கு. புள்ளைக்கு வாந்தி நிக்க மாட்டேங்கு. டேங்கர் தண்ணி வாங்குவமான்னு இவுக கேக்காக. நீங்க படிச்சவுக. இதக் குடிக்கலாமா?"

டேங்கர் வரத் தொடங்கினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

"குடிக்கலாம் பூமாரி. டெஸ்ட்ல நல்லாத்தான் வந்திருக்கு" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. வெயிலில் வந்திருக்கிறேனே என்று உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு நோன்பு என்றேன். சரியென்று, அதைப் பிள்ளைக்குப் புகட்டினாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். பாதியில் கிளம்பினால் மரியாதையாக இருக்காது.

அந்தப் பிள்ளை சிறுநீரகம் கெட்டு இறந்ததாகச் சொல்கிறீர்கள். அங்கே இன்னும் சில பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும் சொல்கிறீர்கள். மறுக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். கோப்பை இழுத்தடித்தவர்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்னை உறுத்தியது ஒன்றுதான். அன்று எனக்கு நோன்பு இல்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. மறுநாளே ஒரு நோன்பு வைத்து அதைச் சரிசெய்துவிட்டேன்.