வாங்க, கொஞ்சம் பொறுங்க

தெமியாங் மாடியறையை நாள்தோறும் திறந்தவரே! பழுதென்று வந்த எதையும் திருப்பி அனுப்பாதவரே! எங்கள் அண்ணன் திரு. நல்லசாமி அவர்களே! வணக்கம்.

இந்தப் பிரியாவிடை மடலுக்காகப் பெரிய அடைமொழிகள் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தோம். அவற்றை வாசித்தால் நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே சாலையைப் பார்ப்பீர்கள் என்று எங்களில் ஒருவரான சீதை சொன்னார். எடுத்துவிட்டோம். நடந்ததைச் சொல்கிறோம்.

தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்க்க இந்த மாடியறைக்கு வந்தீர்கள். அவை போயின, கணினிகள் வந்தன. நீங்கள் இருந்தீர்கள். அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளைத் திறந்து, துடைத்து, ரப்பர் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஓடவைத்துக் கொடுத்தீர்கள். ஒருமுறை ஒரு பெட்டிக்குள் பல்லி முட்டைகள் இருந்தன. அவற்றைப் பஞ்சில் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் திருப்புளியைத் தொட்டீர்கள். "என்னா அண்ணே, ஆஸ்பத்திரி வச்சிட்டீங்களா?" என்று கண்ணப்பன் கேலி செய்தார். "அதுவும் வாடகை குடுக்காத குடித்தனம்தான்லா, உன்ன மாதிரி" என்றீர்கள். இந்தக் கட்டடம் கண்ணப்பனுடைய அப்பாவுடையது.

அந்தக் கணினிகளுக்காக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைத் தொகுத்து வட்டில் பதித்தோம். 'விழுது' என்று பெயர் வைத்தவர் உங்கள் துணைவியார் வள்ளிநாயகி. ரந்தாவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியர். மாலையில் பேருந்து பிடித்து வந்து எங்களோடு உட்காருவார். பள்ளியில் எது ஓடும், எது ஓடாது என்பதை அவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

இந்த அவையில் கணினி அறியாத உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்று. கணினியைத் திறந்ததும் முதலில் எழுவது ஒரு சிறிய நிரல். அது கர்னல் என்னும் பெரிய நிரலைத் தேடி எடுத்து எழுப்பிவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்ளும். அதை ஏற்றி என்கிறோம். நம்முடைய ஏற்றியின் பெயர் லிலோ. அது எழும்போது திரையில் ஒரு வரி காட்டலாம். என்ன வரி போடுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது வள்ளி டீச்சர் விசைப்பலகையை இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தார்: வாங்க, கொஞ்சம் பொறுங்க.

உங்கள் வீட்டுக்கு யார் போனாலும் வாசலில் அவர் சொல்வது அதுதான். சொல்லிவிட்டு உள்ளே போவார். அடுத்து தேநீர் வரும்.

அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரி எல்லாப் பள்ளிகளிலும் நாள்தோறும் எழுந்துகொண்டிருந்தது.

லிலோவை ஓய்வுபெறச் செய்ய வேண்டும் என்ற பேச்சை இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்தவர் சீதை. கர்னல் வன்தட்டில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை மட்டுமே லிலோ குறித்து வைத்துக்கொள்ளும். புதிய கர்னலைப் போட்டால் ஒரு கட்டளை கொடுத்து அதற்குச் சொல்ல வேண்டும். மறந்தால், பழைய இடத்திலேயே போய்த் தேடும். புதிதாக வந்திருக்கும் ஏற்றியோ பெயரைச் சொன்னால் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

"ஆளு வீடு மாறிப் போயாச்சு அண்ணே. இது பழைய வீட்டு வாசல்லயே நின்னு கதவத் தட்டுது" என்றார் சீதை.

"மாறிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்லா. ஒரே கட்டளை" என்றீர்கள்.

"அந்த ஒரு வார்த்தையத்தான் யாரும் சொல்ல மாட்றாங்களே" என்றார் கண்ணப்பன்.

"சொல்லாதவன் தப்பு. அதோட தப்பு என்னா?"

லிலோ சிறியது, இளைத்துப்போன கணினியிலும் ஓடும், இத்தனை நாள் உழைத்தது என்றீர்கள். எல்லாம் உண்மை. நீங்கள் சொல்லாத காரணமும் எங்களுக்குத் தெரியும். லிலோ போனால் வள்ளி டீச்சர் தன் கையால் அடித்த அந்த வரியும் போகும். சீதைக்கும் தெரியும். அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில், அண்ணன் இருக்கும்வரை லிலோ இருக்கட்டும் என்று கண்ணப்பன் முடித்தார். வருட முடிவில் உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது, பணி ஓய்வு. அதுவரை தள்ளிப்போடலாம் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி காலையில், வள்ளி டீச்சர் பணியாற்றிய அதே பள்ளியிலிருந்து தொலைபேசி. கணினி எழவில்லை. நீங்கள் பசியாறக்கூட இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள். அங்கே நடந்ததை நீங்கள் எங்களிடம் சொன்னதில்லை. பள்ளி ஆசிரியர் இராஜமாணிக்கம் சொல்லித்தான் தெரியும். முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவித் துடைத்தபோது கணினிக்குள்ளும் அவர் சுத்தம் செய்திருக்கிறார். பழைய கர்னலை அழித்துப் புதியதைப் போட்டார். பிள்ளைகள் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார்கள். திரைக்கும் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். அதன் பிறகுதான் அவருக்கு அந்தக் கட்டளை நினைவுக்கு வந்தது.

"பொட்டு வச்சாச்சு ஐயா. பூசையில வச்சத மறுபடி தொடலாமா? நாளைக்கு மொத வேலையா தட்டிக்கலாம்னு சுவிட்ச அடைச்சிட்டேன்" என்று உங்களிடம் சொன்னாராம்.

மறுநாள் முதல் வேலையாகத் தட்டுவதற்குக் கணினி எழ வேண்டுமே.

நீங்கள் போனபோது முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நெற்றியில் குங்குமத்தோடு கணினிக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். விஜயதசமிக்கு ஒவ்வொருவரும் ஓர் எழுத்து அடிப்பது அந்தப் பள்ளியில் வள்ளி டீச்சர் தொடங்கிவைத்த வழக்கம். பள்ளி மணி அடித்ததிலிருந்து நிற்கிறார்கள். ஓய்வு நேரத்திலும் யாரும் நகரவில்லை. திரையில் அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே சில புள்ளிகள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"கால் வலிக்கலையா பாப்பா? போய் உக்காரலாம்ல" என்று முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டிருக்கிறீர்கள்.

"வள்ளி டீச்சர் பொறுக்கச் சொல்லியிருக்காங்க ஐயா" என்றதாம் அது. வள்ளி டீச்சரை அது பார்த்ததே இல்லை. அந்த வரி வள்ளி டீச்சருடையது என்று அக்காமார் சொல்லிக்கொடுத்தது.

பையிலிருந்து மீட்பு வட்டை எடுத்துப் போட்டுக் கணினியை எழுப்பினீர்கள், கட்டளையைத் தட்டினீர்கள். அந்தப் பெண் 'அ' அடிக்கும்வரை நின்றீர்கள். பிறகு பள்ளிக்கூடக் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்களாம்.

பிற்பகலில் மாடி ஏறி வந்தீர்கள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"எடுத்துடு சீதை" என்றீர்கள்.

"எத அண்ணே?"

"பழச."

நீண்ட நாளாக வாதாடிய சீதைக்கு வெற்றி. அவர்தான் முதலில் அழுதார். "அந்த வரிய புதுசுலயும் போட்டுத் தரேன் அண்ணே. ரெண்டு நிமிஷ வேல" என்றார்.

"வேணாம்லா. பொறுங்கன்னு சொன்னா, திரும்பி வரணும். வராதவங்க அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டே இருந்தா, புள்ளைங்க நின்னுக்கிட்டே இருக்கும்."

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, மெதுவாக, "நானும்தான்" என்றீர்கள்.

அதன் பிறகு உங்கள் கடைசி வேலை என்ன என்பதை நாங்களாக முடிவு செய்யவில்லை. நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். பள்ளி பள்ளியாகப் போனீர்கள். போர்டிக்சன் பக்கம், ரந்தாவ் பக்கம், மழையில், அதே மோட்டாரில். ஒவ்வொரு கணினியிலும் லிலோவை எடுத்துப் புதியதை வைத்தீர்கள். அதாவது, ஒவ்வொரு கணினியிலும் அந்த வரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தீர்கள். சீதை உடன் வருகிறேன் என்றார். "ஒரு ஆளுக்குத்தான் இடம்" என்றீர்கள். மோட்டாரின் பின்னிருக்கை காலியாகத்தான் இருந்தது.

புதிய வட்டு சென்ற வாரம் தயாரானது. சோதிக்க ஓடவிட்டோம். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: வாங்க. எங்களில் யாரும் அதைப் போடவில்லை. உங்களிடம் கேட்கவும் இல்லை.

அண்ணன் அவர்களே! உங்களுக்கு நல்ல உடல்நலம் வாய்க்க வேண்டும். மோட்டாரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள். நேரத்துக்குப் பசியாறுங்கள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காத நாளில் இந்த மாடிக்கு வாருங்கள். உங்கள் மேசையை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். அதில் பாதியையாவது எங்களோடு வாழ வேண்டும்.

நாங்கள் இந்த மடலை வாசித்து முடித்ததும், நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கீழே கடையில் சொல்லியிருக்கிறோம். தேநீர் வருகிறது. நிச்சயமாக வருகிறது.

கொஞ்சம் பொறுங்க.

இங்ஙனம்,
கண்ணப்பன், சீதை மற்றும் மாடியறைத் தோழர்கள்
தெமியாங், சிரம்பான்
டிசம்பர் 1999