மூலைத் தூணில் இருந்த கட்டைவிரல்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், பொறியாளர் ஐயாவின் துணைவியாரான எங்கள் அண்ணியாரே, சிமெண்ட் தூசியோடு வேலையிலிருந்து அப்படியே வந்து நிற்கும் என் தோழர்களே! வணக்கம். நான் கம்பி கட்டுகிற மேஸ்திரி. மைக் பிடித்துப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் பிரிந்த பொறியாளர் ஐயாவுக்கு நாம் வைத்த பெயர் என்ன? ‘ரெண்டு விரல்!’ கம்பிக்கும், கான்கிரீட் ஊற்றச் சுற்றி அடைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். நுழையவில்லையா? அன்றைக்குக் கான்கிரீட் கிடையாது! கம்பிக்கு மேல் அந்தக் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருந்தால்தான், தீப்பிடித்தாலும் சூடு கம்பியை எட்ட நேரமாகும் என்பார். அந்த இடைவெளிக்காகக் கம்பியில் சின்னச் சின்ன சிமெண்ட் துண்டு கட்டுவோமே, கவர் பிளாக், அதைக்கூடத் தன் கையால் வார்த்து வைத்திருப்பார். ஈரத்தில் கட்டுக்கம்பியைச் செருகி, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார்.

இன்று உங்கள் முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பிரசவ மருத்துவமனை கட்டும்போது, வாசல் பக்கத்து மூலைத் தூணுக்கு நான் கவர் பிளாக் கட்டவில்லை. மறந்துவிட்டேன். கான்கிரீட் போட்டு முடிந்த பிறகு பார்த்தால், துண்டுகள் என் கூடையில் அப்படியே கிடக்கின்றன. வாயைத் திறந்தேனா? இல்லை. பயம்!

போன மாதம் எண்ணெய் லாரி வந்து மோதியது எந்தத் தூணில்? அதே மூலைத் தூணில்! இரண்டரை மணி நேரம் தீ. மூன்றாம் மாடியில், பிள்ளை பெற்று இரண்டே நாளான என் மகள்! தெருவில் நின்று தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் கான்கிரீட் படபடவென்று உதிர்ந்தது. தூண் அசையவில்லை! ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

பிறகு சோதனைக்காகத் தூணைக் கொத்தியபோது நானும் போயிருந்தேன். அவர் சொல்லி உள்கம்பிகளைச் சுற்றி நெருக்கமாகப் போட்ட ரிங் கம்பிகள், லாரி மோதியும் தூணைப் பிளக்க விடவில்லை. உள்கம்பிகளுக்குச் சேதமில்லை. அவற்றை ஒட்டிக் கவர் பிளாக்குகள்! ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் பள்ளம்!

நேரே அவர் நோயில் படுத்திருந்த அறைக்குப் போனேன். “சார், நீங்களா?”

சிரித்தார். “நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க மேஸ்திரி. ரெண்டு விரல் நுழையல. நானே கட்டிட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்! பத்தொன்பது வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேனே!”

“சொல்லியிருந்தா, அடுத்த தூணுக்கும் நானே வந்து கட்டுவேன்னு இருந்திருப்பீங்க!”

உண்மைதானே? அந்தப் பயத்தில், அதற்குப் பிறகு ஒரு தூணையும் நான் பார்க்காமல் விட்டதில்லை.

அண்ணி, அடுத்த நான்காம் நாள் அவர் போய்விட்டார். அழுதேன். ஆனாலும் சொல்கிறேன், மனசு இன்றைக்குத்தான் லேசாக இருக்கிறது.

தோழர்களே! நாளைக் காலை புதுக் கட்டடத்தில் முதல் தூணுக்குப் பலகை அடைக்கிறோம். என் இரண்டு விரல் நுழைந்த பிறகுதான் நான் சாப்பிடப் போவேன். இது உறுதி! நீங்களும் பார்ப்பீர்களா?

பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. யாரும் வெளியே தூக்கிப் போகச் சொல்லாதீர்கள். அது என் பேத்தி. நன்றாக அழட்டும்.